அவுட்ஹவுஸில் வளர்ந்த மாப்பிள்ளை

வாசகர் கேள்வி – பதில்

காட்பாடி வாசகி ஒருவர் அனுப்பிய கேள்வியைச் சென்ற இதழில் பதில் இல்லாமல் வெளியிட்டு, அதில் வரும் அவுட்ஹவுஸ் என்ற சொல்லைப் பற்றி மற்றவர்களுக்கும் ஏதேனும் கேட்க இருந்தால் எழுதலாம் என்று சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே இடம் கிடைத்திருக்கிறது. முதலில் அவருடைய கேள்வியையே மீண்டும் தருகிறேன்.

கேள்வி: வேலூர் ஆபீசர்ஸ் லைன் பக்கத்தில் ஒரு பழைய பங்களாவின் அவுட்ஹவுஸில் நாங்கள் எட்டு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்தோம். என் இரண்டு பிள்ளைகளும் தவழ்ந்ததும் நடந்ததும் அங்கேதான். மகன் இப்போது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். மருமகள் அந்த ஊர்ப் பெண். அங்கே போயிருந்தபோது சம்பந்தியம்மாளிடம் பேச்சுவாக்கில், "உங்கள் மாப்பிள்ளை அவுட்ஹவுஸில் வளர்ந்தவன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். வீடு திரும்பும் வழியில்தான் மகன் விஷயத்தை விளக்கினான். நான் பேசியது தவறான ஆங்கிலமா?

பதில்: தாங்கள் பேசியது நல்ல ஆங்கிலம்தான் அம்மா. அவர் புரிந்துகொண்டதும் நல்ல ஆங்கிலம்தான். அமெரிக்காவிலும் கனடாவிலும் அவுட்ஹவுஸ் என்றால், வீட்டை விட்டுத் தள்ளி நிலத்தில் குழி தோண்டி, அதன்மேல் பலகை அடைத்துக் கட்டிய கழிப்பறை. உள்ளே துளையிட்ட மரப்பலகை ஒன்று, தாழ்ப்பாள் ஒன்று, ஆணியில் மாட்டிய பழைய காகிதம் கொஞ்சம். வேறு எதற்கும் அதில் இடம் கிடையாது. அதற்குள் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தது என்று கேள்விப்பட்ட ஒரு தாய் கண் கலங்காமல் வேறு என்ன செய்வார்?

சொல்லின் வயதைப் பார்த்தால் தங்கள் பக்கமே வலுவானது. 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் வழங்கும் இந்தச் சொல்லுக்கு, தலைவீட்டைச் சேர்ந்து அதே மனைக்குள் தனியாக நிற்கும் சிறு கட்டடம் என்பதுதான் மூலப் பொருள். தானியம் போடும் கொட்டகை, ஏர் கலப்பை வைக்கும் இடம், குதிரை லாயம், துணி வெளுக்கும் அறை ஆகிய எல்லாவற்றுக்கும் இந்த ஒரே பெயர் போதுமானதாக இருந்தது. கழிப்பறையும் அப்படித் தனியாக நின்ற கட்டடங்களில் ஒன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் அந்தப் பொதுப்பெயரை அது ஒன்றே தனக்கென்று எடுத்துக்கொண்டதால், மற்றக் கொட்டகைகளைக் குறிக்க அமெரிக்கர்கள் அவுட்பில்டிங் என்ற வேறொரு சொல்லுக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு வகுப்பில் இரண்டு முருகன்கள் இருந்து, ஒருவன் சேட்டைக்காரனாக அமைந்துவிட்டால் மற்றவனை இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோம் அல்லவா, அந்தக் கதைதான்.

பிரிட்டனில் பழைய பொருள் இன்றைக்கும் மாறவில்லை. நிலக்கரியும் தோட்டச் சாமானும் போட்டு வைக்கும் செங்கல் அறையை அங்கே அவுட்ஹவுஸ் என்பார்கள். அதன் ஓர் ஓரத்தில் கழிப்பறை இருந்தாலும் பெயர் அதற்கு மட்டும் உரியதாகாது. ஆஸ்திரேலியாவில் அமெரிக்கரின் அவுட்ஹவுஸுக்கு டன்னி என்று பெயர். நியூசிலாந்துக்காரர் அதையே லாங் டிராப் என்கிறார்கள். குழியின் ஆழத்தைக் கண்ணால் பார்த்தவர் வைத்த பெயராக இருக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தச் சொல் மூன்றாவதாக ஒரு வழியில் சென்றது. கம்பெனி காலத்துப் பங்களாவில் தீ விபத்துக்கும் புகைக்கும் அஞ்சிச் சமையற்கட்டைத் தனியாகத் தள்ளிக் கட்டினார்கள். அதையொட்டி பட்லர், ஆயா, குதிரைக்காரர், தோட்டக்காரர் ஆகியோருக்கு வரிசையாக அறைகள் எழுந்தன. அந்த வரிசைக்குத்தான் இங்கே அவுட்ஹவுஸ் என்ற பெயர் நிலைத்தது. துரைகள் போனார்கள், குதிரைகள் போயின, அறைகள் மட்டும் நின்றன. வீட்டுக்காரர்கள் அவற்றுக்கு ஓடு மாற்றி, வெள்ளையடித்து, ஒரு மூலையில் அடுப்பு மேடை கட்டி வாடகைக்கு விட்டார்கள். இங்கிலாந்தில் பொருள்கள் குடியிருந்த அவுட்ஹவுஸில் இந்தியாவில் மனிதர்கள் குடியேறினார்கள் என்பதே இந்தச் சொல்லுக்கு நாம் செய்த மாற்றம். நம் ஊர் வாயில் அது அவுட்டவுஸ் ஆகி, அங்கே இருப்பவர் அவுட்டவுஸ்காரம்மா ஆனார். கீரைக்காரி முதல் தபால்காரர் வரை எல்லாரும் தங்களை அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

வேலூரில் இந்தக் குழப்பம் நேர்வதற்கு மற்ற ஊர்களைவிட வாய்ப்பு அதிகம். அமெரிக்க ஆர்க்காடு மிஷன் 1850களிலேயே இந்த மாவட்டத்தில் வேரூன்றியது. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கியதுதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அன்று முதல் இன்று வரை அமெரிக்க மருத்துவர்களும் மாணவர்களும் இங்கே வந்து போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதே தெருக்களில் அவுட்ஹவுஸ் வாடகைக்கு என்ற பலகைகளும் தொங்குகின்றன. தோட்டப்பாளையத்தில் ஒருமுறை, "அவுட்ஹவுஸ் வாடகைக்கு, அட்டாச்டு பாத்ரூம் வசதியுடன்" என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையை ஓர் அமெரிக்க மாணவி கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். கழிப்பறையோடு கூடிய கழிப்பறை வாடகைக்கு என்பதுதான் அவர் படித்த விளம்பரம். வீட்டுக்காரரோ, தம் வீட்டின் அழகைத்தான் அந்தப் பெண் படமெடுக்கிறார் என்று சட்டையைச் சரி செய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

சம்பந்தியம்மாளுக்கு அடுத்த முறை பேசும்போது, பெரிய வீட்டின் தோட்டத்தில் இருந்த சிறிய காட்டேஜ் என்று சொல்லிவிடுங்கள். அந்த வீட்டின் புகைப்படம் ஏதேனும் இருந்தால் மகன் மூலம் அனுப்புங்கள். வாசலில் கோலத்தோடு இருந்தால் இன்னும் நல்லது.

கேள்வி: எங்கள் வீட்டு அவுட்ஹவுஸை வாடகைக்கு விட விளம்பரம் கொடுக்க வேண்டும். தமிழ் ஆர்வத்தால் ஆங்கிலச் சொல்லைத் தவிர்க்க நினைக்கிறேன். பெரிய வீடும் உண்டு, சின்ன வீடும் உண்டு என்ற பொருளில், "சின்ன வீடு வாடகைக்கு" என்று போடலாமா? — குடியாத்தம் வாசகர்

பதில்: தயவு செய்து வேண்டாம் ஐயா. விளம்பரம் வெளியான அன்று வீட்டில் தங்களுக்குச் சாப்பாடு கிடைப்பது சந்தேகம். ஒஹாயோவில் காட்பாடி அம்மையாருக்கு நேர்ந்ததைவிடப் பெரிய விபத்து அது.

தமிழில் இதற்குப் புறவீடு என்று எழுதலாம்; பொருளும் ஒலியும் பொருந்துகின்றன. துணைவீடு என்றால் மறுபடியும் சின்ன வீட்டின் நிழல் விழுகிறது. பின்கட்டு என்பது ஒரே வீட்டின் பின்பகுதி. போர்ஷன் என்பது ஒரே கூரைக்கடியில் பிரித்துக் கொடுத்த பங்கு. இவை இரண்டும் தனியாக நிற்கும் கட்டடத்துக்குப் பொருந்தா. கிராமத்தில் தோட்டத்து வீடு என்பார்கள், ஆனால் அது பெரும்பாலும் கிணற்றடியில் பம்புசெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். புறநகர், புறக்கடை என்ற வரிசையில் புறவீடும் சேர்ந்து நிற்கும் என்பது என் எண்ணம்.

இங்கே இலக்கணம் சற்று எட்டிப் பார்க்கிறது. இல்லத்தின் முன் என்று பொருள்படும் இல்முன் என்பதை முன்பின்னாக மாற்றி முன்றில் என்றும், நகரின் புறம் என்பதைப் புறநகர் என்றும் சொல்வது நம் வழக்கம்; இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். முன்றில் என்பது ஓர் இல்லத்தைக் குறிக்காது, இல்லத்தின் முன்னால் இருக்கும் இடத்தையே குறிக்கும். அவுட்ஹவுஸில் அப்படி இல்லை: வெளியே நிற்கும் வீடு என்று, பின்னால் வரும் ஹவுஸ் என்ற சொல்தான் தலைச்சொல். ஆகவே அமெரிக்கரின் கழிப்பறையும் இலக்கணப்படி ஒரு வீடுதான் என்பதைச் சம்பந்தியம்மாளிடம் சொல்ல வேண்டாம் என்று காட்பாடி அம்மையாரைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் நடைமுறையை யோசித்துச் செய்யுங்கள். புறவீடு வாடகைக்கு என்று போட்டால், வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அது எங்கே இருக்கிறது, ஊருக்குப் புறத்தேயா என்று கேட்பார்கள். பழைய கிரயப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். மாவடை, மரவடை, பாத்தியம் என்று பழந்தமிழும் வடமொழியும் கலந்து எழுதிக்கொண்டே போகிற பத்திர எழுத்தர், இந்த இடம் வந்ததும் தயங்காமல் அவுட்ஹவுஸ் என்று எழுதிவிட்டு மேலே போவார். தமிழ்நாட்டு வாடகைச் சந்தையில் அது தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது.

கேள்வி: ஒரு கழிப்பறைக்கு வீடு என்று பெயர் வைத்த அமெரிக்கர்களைப் பார்த்துச் சிரிப்பு வருகிறது. நம் கிராமத்தார் நேராகக் கக்கூஸ் என்று சொல்லிவிடுகிறார்கள். இதில் மறைப்பு எதுவும் இல்லையே? — ஆம்பூர் வாசகர்

பதில்: சிரிப்பைச் சற்று நிறுத்தி வையுங்கள். கக்கூஸ் என்பது டச்சு மொழியின் காக்ஹவ்ஸ் என்ற கூட்டுச்சொல்லிலிருந்து வந்தது என்பதே சொல்லாராய்ச்சியாளர்களிடம் பரவலாக உள்ள கருத்து. காக் என்றால் மலம், ஹவ்ஸ் என்றால் வீடு. 17ஆம் நூற்றாண்டில் பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வாணிகம் செய்தார்கள். இலங்கையின் கரையோரமும் அவர்களிடம் இருந்தது. சிங்களத்திலும் கக்குஸ்ஸி என்றுதான் சொல்கிறார்கள். போர்த்துக்கீசியர் நமக்கு ஜன்னலும் சாவியும் அலமாரியும் மேசையும் கொடுத்துவிட்டுப் போக, அவர்களுக்குப் பின்னால் வந்த டச்சுக்காரர் கொடுத்தது இது. ஆக, ஆம்பூரிலும் அந்த அறை ஒரு வீடுதான். ஆஸ்திரேலியரின் டன்னியும் சாணம், வீடு என்று பொருள்படும் இரண்டு பழைய ஆங்கில வழக்குச் சொற்கள் சேர்ந்த டன்னிகின் என்பதிலிருந்து வந்ததாகவே சொல்கிறார்கள்.

நம்மிடம் மறைப்பு இல்லை என்பதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாக வகுத்து, அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்வதற்கு முதல் இடம் கொடுத்தது. கால் கழுவி வந்தேன் என்பது நம் ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வரும் எடுத்துக்காட்டு. ஊர்வழக்கில் வெளிக்குப் போதல் என்கிறோம். அந்த வெளியும் அமெரிக்கரின் அவுட்டும் ஒன்றேதான். அவர்கள் வெளியை வீட்டோடு சேர்த்தார்கள், நாம் வெளியோடு நிறுத்திக்கொண்டோம். தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லைக்குப் போதல் என்பார்கள். அங்கே கொல்லை என்பது வீட்டின் பின்புறம்.

இதைச் சொல்லும்போது நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். பழைய வட ஆர்க்காட்டில் கொல்லை என்பதைக் கொல்லி என்பார்கள்; இங்கே அதற்கு மேட்டு நிலம் என்று பொருள். போளூர்ப் பக்கத்து விவசாயி கொல்லிக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொன்னால் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுக்கப் போகிறார், திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். கும்பகோணத்திலிருந்து எங்கள் உறவில் பெண்ணெடுக்க வந்திருந்த ஒரு பெரியவர், பெண்ணின் தகப்பனார் எங்கே என்று கேட்டார். "காலையிலேயே கொல்லிக்குப் போனார், இன்னும் வரவில்லை" என்று பதில் வந்தது. பெரியவர் நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, "வைத்தியரைப் பார்த்தார்களா?" என்று விசாரித்தார். காட்பாடிக்கும் ஒஹாயோவுக்கும் நடுவில் கடல் இருக்கிறது. போளூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில் ஒருநாள் பயணம்கூட இல்லை.

கேள்வி: ஆங்கிலக் கேலிச்சித்திரங்களில் அவுட்ஹவுஸ் கதவில் பிறைநிலா வெட்டியிருக்கிறதே, அது ஏன்? — ஆற்காடு வாசகி

பதில்: வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் கதவில் ஒரு துளை வேண்டும் என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல எதுவும் இல்லை. பெண்களுக்குப் பிறை, ஆண்களுக்கு நட்சத்திரம் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக வெட்டினார்கள் என்ற கதை பரவலாக உலவுகிறது; அதற்குப் பழைய சான்று வலுவாக இல்லை. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அமெரிக்க அரசு வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதற்காகக் கிராமங்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கழிப்பறைகளைக் கட்டிக் கொடுத்தது என்பது, பிறையைவிடக் கவனிக்கத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: வெளியூர் போயிருப்பவரை அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்கிறோமே, அது எங்கள் ஊர் ரயில் நிலையத்தோடு சம்பந்தப்பட்டதா? — வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் இராயபுரத்திலிருந்து தங்கள் வாலாஜா ரோடு வரை வந்தது என்ற பெருமை தங்களைக் கேட்க வைத்திருக்கிறது, ஆனால் இது ரயில் ஸ்டேஷன் இல்லை. கம்பெனி ஆட்சியில் ஆங்கில அதிகாரிகள் குடியிருந்த ஊருக்கு ஸ்டேஷன் என்று பெயர். வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு 1911 வரை சித்தூர்தான் தலைமையிடம். அங்கிருந்து கலெக்டர் வேலூருக்குக் கிளம்பி வந்தால் அவர் அவுட் ஆஃப் ஸ்டேஷன். இன்று அது பெரும்பாலும் தெற்காசிய ஆங்கிலத்தில்தான் பிழைத்திருக்கிறது. லண்டனில் சொன்னால், ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

மருத்துவமனையில் நாம் நாள்தோறும் சொல்லும் ஓ.பி.யிலும் இதே அவுட்தான் இருக்கிறது. ஆனால் அவுட்ஹவுஸின் அவுட் இடத்தைக் குறிக்கிறது. அவுட் பேஷண்டின் அவுட், இரவு தங்காதவர் என்பதைக் குறிக்கிறது. காலை ஐந்து மணிக்கே ஓ.பி. வரிசையில் கட்டடத்துக்குள் நிற்பவரிடம் இந்த வேறுபாட்டை விளக்கப் போகாதீர்கள்.

கேள்வி: மருத்துவமனைக்கு வரும் வெளிநாட்டவருக்கும் வெளிமாநிலத்தவருக்கும் எங்கள் அவுட்ஹவுஸை நாள் வாடகைக்கு விடுகிறோம். இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். அமெரிக்கர் இதை என்ன பெயரில் தேடுவார்கள்? — சத்துவாச்சாரி வாசகர்

பதில்: அவுட்ஹவுஸ் என்று மட்டும் பதிவு செய்ய வேண்டாம் என்பது இதற்குள் தெளிவாகியிருக்கும். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இத்தகைய வீட்டுக்குக் கிரானி ஃப்ளாட் என்று பெயர், அதாவது பாட்டி குடியிருப்பு. அமெரிக்கர் கெஸ்ட் ஹவுஸ் என்றும் பேக்யார்டு காட்டேஜ் என்றும் சொல்வார்கள். பெரிய வீட்டையொட்டி இருந்தால் இன்-லா சூட் என்பதும் உண்டு. மாமனார் மாமியார் வந்தால் தங்க வைக்கும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

கெஸ்ட் ஹவுஸையும் யோசித்துப் போடுங்கள். அமெரிக்காவில் அது தோட்டத்தில் தனியாக நிற்கும் விருந்தினர் வீடு. இங்கே பாபுராவ் தெருப் பக்கம் அந்தப் பெயரில் இருப்பவை பல அறைகள் கொண்ட லாட்ஜுகள். தனி வீட்டை எதிர்பார்க்கிறவருக்கு அது வேறு படத்தைக் காட்டும். ஆகவே ஆங்கிலத்தில் கார்டன் காட்டேஜ் என்று தலைப்பிட்டு, சமையல் வசதி, தனி வாசல், கழிப்பறை உள்ளேயே உண்டு என்ற மூன்றையும் அடுத்த வரியில் எழுதுங்கள். கழிப்பறை உள்ளே என்பதை மறக்க வேண்டாம்.

இன்-லா சூட் என்பதை மட்டும் தமிழாக்கித் தமிழ்ப் பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். மாமியார் வீடு, நாள் வாடகைக்கு என்று படித்தால் வேலூர்க்காரர்கள் தொரப்பாடி மத்திய சிறையைத்தான் நினைப்பார்கள்.